நான் கூப்பிட்டேன், அது வந்தது

1

பெரம்பலூரிலிருந்து என் சித்தி மகள் மல்லிகா வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "யக்கா, ஒங்க ஊருல டிரைவரே இல்லாம காரு ஓடுதாமே! ஒருநா அதுல ஏறி ஒரு வீடியோ எடுத்து அனுப்புக்கா. எங்க வூட்டுப் பிள்ளைங்க நம்ப மாட்டேங்குது."

அனுப்ப மாட்டேன், மல்லிகா. ஏறவும் மாட்டேன். அந்த வண்டி என் பக்கத்தில் வந்து நின்றாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று கேட்பாய். குரல் பதிவில் சொன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டுச் சாலை என்றாலே சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் இருப்பது அமெரிக்காவில் ஒரு பாலைவன நகரம். அரியலூர் வெயில் போதாதென்று இங்கே வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரருக்கு வேலை, மகன் கதிருக்குப் படிப்பு என்று வந்தது, இங்கேயே தங்கிவிட்டோம். நான் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? எங்கள் தெருக்கோடியில் உள்ள தொடக்கப்பள்ளி வாசலில், ஆரஞ்சு நிறச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, 'ஸ்டாப்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து, பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது. காலையில் ஒரு தடவை, பள்ளி விடும்போது ஒரு தடவை. ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். எம்.ஏ. படித்தவள் நடுரோட்டில் நிற்கிறாளாம். நான் ஊரிலேயே நடுரோட்டில் நின்றவள்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

2

அது நடந்த அன்றைக்குக் காலையில் சிக்னல் செத்துக் கிடந்தது. குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள் ஏதோ ஒயரை அறுத்துவிட்டார்கள். மூன்று விளக்கும் இருட்டு. காற்று வேறு மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நான் நடுவில் போய் நின்று பலகையைத் தூக்கினேன். எல்லா வண்டிகளும் நின்றன. முதல் வரிசையில் அந்த ஆளில்லாத கார். முன் சீட்டிலும் யாரும் இல்லை, பின் சீட்டிலும் யாரும் இல்லை. காலி வண்டி எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்று கேட்க இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தார்கள். இசபெல் மட்டும் நடைபாதை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். ஒன்றாம் வகுப்பு. சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வருவாள், அன்றைக்கு அதன் சக்கரம் ஏதோ விரிசலில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துவிட்டு என்னைப் பார்த்தாள், வரலாமா என்று. நான் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரல்களை மடக்கி மடக்கி, "வா, வா" என்றேன். நாமெல்லாம் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி. அதே நேரத்தில் காற்று இன்னொரு கையில் இருந்த பலகையைத் திருப்பிவிட்டது. வண்டிக்கு எழுத்து தெரியாமல் விளிம்பு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் கைக்கும் மொழி உண்டு. உள்ளங்கை மேலே பார்த்தால் வா. கீழே பார்த்தால் போ, தள்ளிப் போ. கோழியை விரட்டுகிற மாதிரி. நான் வா என்றேன். வண்டி போ என்று படித்தது.

மெதுவாகத்தான் நகர்ந்தது. அதுதான் கொடுமை. சத்தமில்லாமல், மரியாதையாக, ஊர்ந்து வந்தது. இசபெல் என் கையைப் பார்த்து இறங்கினாள். நான் கத்தியதும் கடைசி நொடியில் நின்றது. ஆனால் முன்பகுதி அவளைத் தொட்டுவிட்டது. அவள் விழுந்தாள், முழங்கால் சிராய்ந்தது. பை காரின் சக்கரத்தடியில். சாப்பாட்டு டப்பா நசுங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

நம் ஊராக இருந்தால் முதலில் டிரைவரைக் கீழே இழுத்திருப்போம். இங்கே யாரை இழுப்பது? திட்டுவதற்குக்கூட ஒரு முகம் வேண்டுமே! வண்டிக் கூரையிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையாக, "உங்களுக்கு ஏதாவது உதவி தேவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் குழந்தையைத் தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு வந்து, கையிலிருந்த பலகையாலேயே பானெட்டில் ஓங்கி ஒரு போடு போட்டேன். குழி விழுந்தது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

3

நம் பக்கத்துச் சாலையைப் பற்றி நான் பெருமை பேசப்போவதில்லை. குன்னம் பக்கத்து ஆள் நான், எனக்கு அந்தச் சாலை நன்றாகவே தெரியும்.

மக்காச்சோளம் அறுத்தால் பாதி ரோட்டில் கொட்டிக் காயவைப்போம். சுற்றிலும் கல் வைப்போம். வண்டி மிச்சப் பாதியில் போக வேண்டும். காலேஜ் லீவில் காவல் நிற்கிற வேலை எனக்கு. அரியலூர் சிமென்ட் லாரி வரும், சுண்ணாம்புக்கல் டிப்பர் வரும், எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் ஆடிக்கொண்டு வரும். நான் நடுவில் நின்று கையை உயர்த்தினால் நிற்பார்கள். எனக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது? யாரும் இல்லை. தார் ரோடு அரசாங்கத்துடையது, சோளம் எங்களுடையது, அவ்வளவுதான் சட்டம்.

ஓட்டுகிறவர்களுக்குள் தனி மொழி ஒன்று இருந்தது. ஹெட்லைட்டை அடித்தால், நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம். இங்கே அதையே அடித்தால், நான் நிற்கிறேன், நீ போ என்று அர்த்தம். வந்த புதிதில் எங்கள் வீட்டுக்காரர் இது தெரியாமல் ஒரு சந்திப்பில் நின்று எதிரில் இருந்தவரோடு மாறி மாறி விளக்கடித்துக்கொண்டிருந்தார். முன்னே போகிற லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் முந்திக்கொள் என்று அர்த்தமாம், சில சமயம் நிஜமாகவே இடது பக்கம் திரும்பும். ரோட்டில் வேப்பங்கிளை கிடந்தால் முன்னால் வண்டி பழுதாகி நிற்கிறது. லைசென்ஸ் வாங்குகிற புத்தகத்தில் இதில் ஒரு வரி கிடையாது.

ஆனால் ஒன்று இருந்தது. பயம். ஆளை இடித்தால் ஊர் கூடி அடிப்பார்கள் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் தெரியும். கை காட்டுவது புரியவில்லை என்றால் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, போவவா, நிக்கவா?" என்று கத்திக் கேட்பார். இந்த வண்டிக்குத் தலையும் இல்லை, நீட்டத் தேவையும் இல்லை. அதை அடிக்க ஊர் கூடாது என்பது அதற்குத் தெரியும்.

4

இசபெல் விழுந்த அன்றைக்கே ஒரு அதிகாரி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் தமிழ் வழியாகத்தான் வரும். "ஐ கால்ட் இட். இட் கேம்," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள்தான் கூப்பிட்டீர்களா என்று கேட்டார். "எஸ், எஸ். எவ்ரி டே ஐ கால் இட். இட் கம்ஸ்," என்றேன்.

சில வாரம் கழித்துப் பள்ளி நிர்வாகத்திலிருந்து அறிக்கை ஒன்று வந்தது. விசாரணைக்கு வர வேண்டும், அதற்கு முன்பே இதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளலாம் என்று அதோடு ஒரு கடிதம். அறிக்கையில் இருந்தது இது: வழிகாட்டும் பெண் முறையற்ற கை அசைவால் வாகனத்தை முன்னே அழைத்தார், தாம் அழைத்ததாக அவரே கூறியிருக்கிறார், சிறுமி எதிர்பாராத விதமாகச் சாலையில் இறங்கினாள், வாகனம் விதிப்படியே நடந்துகொண்டது.

கதிர் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், இந்தக் கார் கம்பெனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அம்மா, 'இட்'டுன்னு யாரச் சொன்ன?"

"குழந்தையத்தான்டா. வேற யார?"

"இங்க கொழந்தைய 'இட்'டுன்னு சொல்ல மாட்டாங்கம்மா. காரத்தான் சொல்லுவாங்க. நீயே கார கூப்ட்டன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். குழந்தை வந்தது, குழந்தை அழுதது, குழந்தை சாப்பிட்டது. நம் மொழியில் வேறு எப்படிச் சொல்வது? குழந்தை வந்தாள் என்று எவளாவது சொல்வாளா? கொஞ்சுவதற்கே நமக்கு 'அது'தான்.

அவன் பாட்டுக்கு விளக்கினான். "சிக்னல் இருந்தா சிக்னலப் பாக்கும். ஆளு நின்னு கை காட்டினா, சிக்னல விட அந்த ஆளுக்குத்தான் மரியாத. அன்னைக்கு சிக்னல் இல்ல, பலகையும் தெரியல. அதனால ஒன் கையப் படிச்சிருக்கு. புரியலன்னா நிக்கணும். ஆனா புரியாத எடத்துல எல்லாம் நின்னுட்டா ரோட்டையே அடைச்சிடும்மா. அதனால கொஞ்சம் கொஞ்சமா நகந்து பாக்கும், நீ தடுக்கிறியான்னு."

"அது நகந்து பாத்த எடத்துல புள்ள இருந்துச்சேடா."

"நின்னுட்டிருந்த புள்ள நிக்கும்னு கணக்கு போட்டிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கையெழுத்து போட்டுடும்மா. வெறும் எச்சரிக்கதான். வேல போவாது. இனிமே கையத் திருப்பிக் கூப்பிடு, முடிஞ்சுது."

என் பிள்ளை எனக்குக் கை காட்டச் சொல்லித்தருகிறான். அவன் தவழ்ந்து வந்தது இந்தக் கையைப் பார்த்துத்தான். எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

5

என் கையைப் பற்றி எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'சிறுமி எதிர்பாராத விதமாக' என்ற வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி செல்வராசு.

அவன் அரியலூரில் வேலை முடித்து பைக்கில் வருவான். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், யாரோ சோளத்தை வாரிக்கொண்டு போய்விட்டு, சுற்றி வைத்த கல்லை மட்டும் ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். இவன் கல்லில் ஏறி விழுந்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஸ்டேஷனில் எழுதினார்கள். அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி வந்து தானே விழுந்து இறந்தார் என்று. காவல்துறைத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். செத்தவனும் அவனே, எதிரியும் அவனே. எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு முடிக்கப்பட்டது. அப்பா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "என் புள்ள யாருக்குய்யா எதிரி?" என்று ஏட்டய்யாவைக் கேட்டார். "அது சும்மா ஒரு வார்த்தைங்க, பெரியவரே. வழக்கமா எழுதுறதுதான்," என்றார் அவர்.

அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கிறது.

இத்தனை தூரம் விமானம் ஏறி வந்த பிறகும் அதே வரிதான். கல் வைத்தவனுக்குக் குற்றமில்லை, வண்டி விட்டவனுக்குக் குற்றமில்லை, விழுந்தவர்தான் எதிரி. அங்கே சட்டமே இல்லாமல் எழுதினார்கள். இங்கே சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுதுகிறார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று கதிரிடம் போனில் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டான், ஆனால் விசாரணைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

6

நீண்ட மேசை. தலைமையில் நிர்வாகத்து அம்மாள் ஒருவர். கார் கம்பெனியிலிருந்து ஒரு வக்கீலும், சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞன் ஒருவனும். ஓரத்தில் இசபெல், அவள் அம்மா ரோசா. ரோசா ஓட்டலில் அறை துடைக்கிறவள், சீருடையோடு வந்திருந்தாள்.

இளைஞன் சுவரில் படம் போட்டுக் காட்டினான். வண்டியின் கண்ணில் நான் எப்படித் தெரிந்தேன் என்று. என்னைச் சுற்றி ஒரு கட்டம். கட்டத்துக்கு மேல், 'போகச் சொல்கிறார்'. இசபெல்லைச் சுற்றிச் சின்னதாக ஒரு கட்டம். அதற்கு மேல், 'நிற்கிறது'. குழந்தையை 'அது' என்று நான் சொன்னது குற்றம், அவர்கள் வண்டி அவளை ஒரு கட்டமாகப் பார்த்தது விதி.

வக்கீல் என் வாக்குமூலத்தை வாசித்தார். ஐ கால்ட் இட், இட் கேம். நான் எழுந்து, எங்கள் மொழியில் குழந்தை என்றால் 'அது'தான் என்று சொன்னேன். வக்கீல் சிரித்தார். ஒரு குழந்தையைப் பொருளைப் போல அழைக்கும் மொழியா என்று கேட்டார்.

எனக்குக் கோபத்தில் ஒரு வார்த்தை ஆங்கிலம் வரவில்லை. அப்போது பக்கத்தில் கதிர் எழுந்தான். எனக்கு இப்போது கல்யாண வயது, என்றான் அவர்களிடம். ஆனால் அப்பா என்னோடு போனில் பேசும்போது, என் அம்மா இன்றைக்கும் பக்கத்தில் இருந்து, 'அது சாப்பிட்டுச்சா' என்றுதான் என்னைப் பற்றிக் கேட்கிறார். என்னை யாரும் அதைவிட மரியாதையாக விசாரித்ததில்லை.

இவன் இதையெல்லாம் கவனிக்கிறானா என்று நான் அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான்.

சரி, கை அசைவுக்கு வருவோம், என்றார் அந்த அம்மாள். அதுவும் குழப்பமானதுதானே?

ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்த இசபெல்லைப் பார்த்துக் கையை நீட்டினேன். உள்ளங்கை கீழே. விரல்களை மடக்கினேன், வாய் திறக்கவில்லை. அவள் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, மேசையைச் சுற்றி, வக்கீலின் பையைத் தாண்டி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

இளைஞன்தான் முதலில் பேசினான். அந்தக் குழந்தை உங்களிடம் பழகியிருக்கிறது, எங்கள் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை, என்றான். நல்ல பையன்தான், நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னான்.

"அப்ப பழகுற வரைக்கும் ரோட்டுக்கு வராதன்னு சொல்லுடா," என்றேன் தமிழில். கதிர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

இரண்டு வரிகளை நீக்கினார்கள். நான் வண்டியை அழைத்ததாக ஒப்புக்கொண்டேன் என்பது போனது. 'சிறுமி எதிர்பாராத விதமாக' என்பதும் போனது. அந்த அம்மாள் பேனாவால் கோடு போட்டு அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். 'முறையற்ற கை அசைவு' மட்டும் நின்றுவிட்டது. இனிமேல் உள்ளங்கையை மேலே வைத்துக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. பானெட் குழியைப் பற்றிக் கம்பெனியும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

7

இது முடிந்து சில நாளில் அந்தக் கார்கள் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. கம்பெனி தானாகவே பாதையை மாற்றிக்கொண்டதாம். கதிர் சந்தோஷமாகச் சொன்னான், "ஜெயிச்சிட்டம்மா."

எங்கே மாற்றினார்கள் என்று எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ரோசா சொன்னாள், அவள் அக்கா பிள்ளை படிக்கும் பள்ளி வழியாக இப்போது வருகிறதாம். நேற்று எங்கள் பள்ளிக்கு மட்டும் விடுமுறை, அங்கே நடந்தே போனேன்.

வாசலில் பலகை பிடித்து நின்றவள் வியட்நாம்காரி, என் வயதுதான் இருக்கும். சிக்னல் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். அவள் நடுவில் போய் நின்று, பின்தங்கிய ஒரு பையனைப் பார்த்துக் கையை நீட்டிக் கூப்பிட்டாள்.

உள்ளங்கை கீழே.

சிக்னலை விட ஆளின் கைக்குத்தான் வண்டி மரியாதை தரும் என்று கதிர் சொன்னது ஞாபகம் வந்தது. வியட்நாம்காரர்களும் நம்மைப் போலத்தான் கூப்பிடுவார்களாம், எனக்கு அதுவரை தெரியாது. தூரத்தில் வெள்ளையாக அந்தக் கார், சத்தமில்லாமல், ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் நம் கை மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை, என் தெருவை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் அவள் மொழி எனக்கு வராது, என் ஆங்கிலத்தின் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

நடைபாதையிலிருந்து இறங்கினேன். என்னிடம் பலகை இல்லை, ஆரஞ்சுச் சட்டை இல்லை. சோளத்துக்கு முன்னால் நின்ற மாதிரி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன். வியட்நாம்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

அது நின்றது. அது என்று நான் சொல்வது வண்டியை.

பிள்ளைகள் கடைசி ஆள் வரைக்கும் கடந்து போனார்கள். மல்லிகா, வீடியோ எடுக்க எனக்குக் கை ஒழியவில்லை.